ஆட்டம் ஆக்குவோரும் ஆடுவோரும்

விளையாட்டு என்பது சிறுவர்க்கு மட்டும் உரிய பொருள் என்று எண்ணுவோர் பலர். ஆயினும், ஒரு விளையாட்டின் விதியை வகுப்பவர் யார், அதனை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, ஆடுவோர் சொல் அங்கே எடுபடுமா என்னும் வினாக்களை எழுப்பிப் பார்த்தால், அது பெரியவர்களும் சிந்திக்க வேண்டிய பொருளாகவே தோன்றும். புனே நகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இப்பொருள் மிக அண்மையில் உள்ளது. பழமையான ஆட்டம் ஒன்று தன் விதிகளை ஒழுங்குபடுத்திக் கொண்டது இந்நகரில். புத்தம் புதிய கணிப்பொறி ஆட்டங்கள் உருவாகி உலகெங்கும் பேச்சுக்கு உரியனவானதும் இந்நகரிலேதான்.

நம் வீட்டுப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பல்லாங்குழியையும் தாயத்தையும் ஆக்கியவர் யார்? எவரும் அறியார். தாயம் ஆடும்போது எந்த எண் விழுந்தால் காயை இறக்கலாம், எந்தக் கட்டத்தில் நிற்கும் காயை வெட்டலாகாது என்பனவெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடும். தஞ்சையிலிருந்து வந்த மாமியாரும் நெல்லையிலிருந்து வந்த மருமகளும் ஆட அமர்ந்தால், முதலில் "உங்கள் ஊர் ஆட்டமா, எங்கள் ஊர் ஆட்டமா?" என்பதைத் தீர்த்துக்கொண்ட பின்னரே கட்டையை உருட்டுவார்கள். அருகில் அமர்ந்த சிறுமி, "இப்படி வைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு யோசனை சொல்ல, அது எல்லோருக்கும் பிடித்துவிட்டால், அன்று முதல் அதுவே அவ்வீட்டின் விதி. அங்கே ஆடுவோரே ஆக்குவோர். இருவருக்கும் இடையே சுவர் ஏதும் இல்லை.

மகாராஷ்டிரத்தின் கோ-கோ ஆட்டமும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. 1914ஆம் ஆண்டில் புனேயின் டெக்கான் ஜிம்கானாவில் ஒரு குழு அமைந்து, அவ்வாட்டத்தின் விதிகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியது. துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக, எதிரெதிர்த் திசை நோக்கி அமர்ந்திருப்பர். ஒன்பதாமவர் ஓடுவார். அவர் எடுத்த திசையை மாற்றலாகாது, நடுக்கோட்டையும் கடக்கலாகாது. அமர்ந்திருப்பவர் முதுகைத் தொட்டு "கோ" என்று சொல்லித் தம் முறையை அவரிடம் ஒப்படைக்கலாம். விதிகள் ஏட்டில் ஏறியதால் நன்மை பெரிது. ஓர் ஊரார் மற்றோர் ஊராரோடு சச்சரவின்றிப் போட்டியிட முடிந்தது. 1959-60இல் விஜயவாடாவில் அகில இந்தியப் போட்டியே நடந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதி ஏட்டில் ஏறிய அன்றே, அதனை எழுதுவோர் ஒருவர், ஆடுவோர் வேறொருவர் என்னும் பிரிவும் தொடங்கிவிட்டது.

மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் நாட்களைக் கழிக்கும் நமக்கு ஓர் இடர்ப்பாடு அடிக்கடி நேரும். ஆங்கில அறிக்கையில் 'வீ' என்னும் சொல் வரும். அதனைத் தமிழில் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் அது 'நாம்'. அவரை அப்பால் நிறுத்தினால் 'நாங்கள்'. மராத்தியிலும் இவ்வேறுபாடு உண்டு. 'ஆபண்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'ஆம்ஹீ' என்றால் அவர் வெளியே. ஆங்கிலமும் இந்தியும் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஆட்டம் ஆக்குவோர்க்கும் அதனை விரும்பி ஆடுவோர்க்கும் உள்ள உறவு காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்று கேட்டால், அது 'நாம்' என்பதிலிருந்து 'நாங்கள்' என்பதற்குச் சிறிது சிறிதாக நகர்கிறது என்று சொல்லிவிடலாம். கணிப்பொறி ஆட்டங்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாரசீக இளவரசன் என்பது அதன் பொருள். அமெரிக்க இளைஞரான ஜோர்டன் மெக்னர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உழைத்து, 1989இல் அதனை வெளியிட்டார். ஆட்டத்தின் நாயகன் ஓடுவதும் தாவுவதும் உயிருள்ள மனிதன் அசைவதுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காகத் தம் இளைய சகோதரரை ஓடச் செய்து, தாவச் செய்து, படம் பிடித்து, அப்படங்களைப் பார்த்து வரைந்தார். இசை அமைத்தவர் அவருடைய தந்தையார். ஒரு குடும்பத்தின் கைவேலை என்றே அதனைச் சொல்லலாம். வெளியான புதிதில் அது மந்தமாகவே விற்றது. பல வகைக் கணிப்பொறிகளுக்கு ஏற்பவும் பிற நாடுகளுக்கு ஏற்பவும் அதனை மாற்றி வெளியிட்ட பின்னரே புகழ் பரவியது. அந்நாளில் ஆடுவோர் ஆக்கியவரிடம் ஏதேனும் சொல்ல விரும்பினால், பெட்டியின் மேல் அச்சிட்ட முகவரிக்குக் கடிதம் எழுத வேண்டும். உறவு மெல்லியது. ஆனால் பெட்டியின் மேல் ஒரு மனிதரின் பெயர் இருந்தது.

அடுத்த காலம் நெருக்கமானது. 1993இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த 'ஐடி சாஃப்ட்வேர்' என்னும் சிறு குழுவினர் 'டூம்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதன் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக், ஆட்டத்தின் இயந்திரப் பகுதியையும் அதன் அறைகள், படங்கள், ஒலிகள் ஆகியவற்றையும் தனித்தனியே வைத்தார். இதனால் ஆடுவோர் தாமே புதிய அறைகளைக் கட்டி, அவற்றை ஆட்டத்தில் செருகி விளையாட முடிந்தது. தாயக் கட்டத்தருகே அமர்ந்த சிறுமியின் யோசனைக்கு மீண்டும் இடம் கிடைத்தது போலாயிற்று. இந்தப் பழக்கத்திலிருந்தே 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர், 'ஹாஃப் லைஃப்' என்னும் மற்றோர் ஆட்டத்தைத் திருத்தி 'கவுன்டர் ஸ்ட்ரைக்' என்னும் ஆட்டத்தை ஆக்கினர். மூல ஆட்டத்துக்கு உரிய 'வால்வ்' நிறுவனம் அடுத்த ஆண்டே அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆர்வலராக இருந்தவர்கள் ஆக்குவோர் ஆயினர்.

இந்த நெருக்கத்தில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1997இல் 'அல்டிமா ஆன்லைன்' என்னும் ஆட்டத்தைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். பல்லாயிரவர் ஒரே உலகில் கூடி வாழ்வதுபோல் ஆடும் ஆட்டம் அது. அதனை ஆக்கிய ரிச்சர்டு காரியட், 'லார்டு பிரிட்டிஷ்' என்னும் மன்னர் வேடத்தில் அவ்வுலகத்துக் குடிமக்களிடையே உலவி வந்தார். மன்னருக்கு மரணம் இல்லாதவாறு செய்து வைத்திருக்க வேண்டும். அன்று அது விடுபட்டுப்போயிற்று. கூட்டத்திலிருந்த ஒருவர் நெருப்பு மந்திரத்தை ஏவ, ஆட்டத்தை ஆக்கியவரே தம் ஆட்டத்துக்குள் மாண்டார். ஆக்கியவரும் ஆடுவோரும் ஒரே மண்ணில் நிற்கும்போது நேரக்கூடியது இது. நெருக்கம் இனியது என்பதோடு, ஆக்கியவர்க்கு அதில் அபாயமும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

மூன்றாவது காலம் வளர்ச்சியின் காலம். ஸ்வீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009இல் 'மைன்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தை முற்றுப்பெறாத நிலையிலேயே மக்கள் முன் வைத்தார். ஆடியோர் குறை சொன்னார்கள், அவர் திருத்தினார். மீண்டும் சொன்னார்கள், மீண்டும் திருத்தினார். ஆட்டம் அவர்கள் கண் முன்னேயே வளர்ந்தது. சில ஆண்டுகளில் அதனை ஆடுவோர் கோடிக்கணக்கில் பெருகினர். 2014இல் அவருடைய 'மொஜாங்' நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது பெர்சன் எழுதிய விடைமடலின் சாரம் சிந்திக்கத்தக்கது. தாம் ஓர் அடையாளச் சின்னமாக ஆகிவிட்டதாகவும், தமக்கே விளங்காத அவ்வளவு பெரிய ஒன்றுக்குப் பொறுப்பேற்க விரும்பவில்லை என்றும் அவர் தெரிவித்தார். நூறு பேர் பேசினால் மறுமொழி சொல்லலாம். கோடிப் பேர் பேசினால் ஒரு மனிதர் என்ன செய்வார்? அவருக்கும் மக்களுக்கும் இடையே ஓர் அலுவலகம் எழுகிறது. பேசுவதற்கென்றே ஒருவரை அமர்த்துகிறார்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் வேறு சிலர் சரிபார்க்கிறார்கள். அங்கேதான் 'நாம்' மறைந்து 'நாங்கள்' பிறக்கிறது. இதனைக் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. எண்ணிக்கை பெருகினால் உறவின் இயல்பு மாறாமல் இருப்பதில்லை.

இனி நம் புனேக்கு வருவோம். பிரான்ஸ் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட 'யூபிசாஃப்ட்' நிறுவனம் 2008இல் இந்நகரில் இருந்த ஓர் ஆட்டக்கூடத்தைத் தனதாக்கிக்கொண்டது. பிற நாடுகளில் உருவான ஆட்டங்களைச் சோதிப்பதும், வெவ்வேறு கருவிகளுக்கு ஏற்ப அவற்றை மாற்றியமைப்பதும் அக்கூடத்தில் நடந்த பணிகள். முன்னே சொன்ன பாரசீக இளவரசன் இதற்குள் பெரிய நிறுவனத்தின் உடைமையாகிவிட்டான். 2003இல் அதே நிறுவனத்தின் மான்ட்ரியல் கூடத்தார் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்னும் புதிய ஆட்டத்தை ஆக்கியிருந்தனர். கதை எழுதியவர் மெக்னரே. கையிலுள்ள குறுவாளால் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் இளவரசனின் கதை அது. கதை தொடங்குவது இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையில். கதைநாயகி ஃபரா அந்த மகாராஜாவின் மகள். இந்த ஆட்டத்தைப் புதிய கருவிகளுக்கு ஏற்ப முற்றிலும் மறுபடி ஆக்கும் பொறுப்பு புனே, மும்பைக் கூடங்களுக்குக் கிடைத்தது. 2020 செப்டம்பரில் அச்செய்தி வெளியாயிற்று. இந்தியக் கூடங்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

அறிவிப்போடு ஒரு சிறு படத்தையும் காட்டினார்கள். உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அதைப் பார்த்தார்கள். பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள். முகங்களில் உயிர் இல்லை, ஒளி அமைப்பு பழையதாக இருக்கிறது என்று இணையம் முழுதும் குறை எழுந்தது. அது வேண்டுமென்றே தேர்ந்துகொண்ட ஓவியப் பாணி என்னும் விளக்கம் எடுபடவில்லை. ஆட்டம் 2021 ஜனவரியில் வர வேண்டியது, மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது. பிப்ரவரியில் நாள் குறிப்பிடாமலே ஒத்திவைக்கப்பட்டது. ஆர்வலர்களின் கருத்துகளைக் கண்டபின் இன்னும் காலம் தேவை என உணர்ந்ததாக அறிவிப்புக் கூறியது. 2022 மே மாதத்தில் அப்பணியே புனேயையும் மும்பையையும் விட்டு மான்ட்ரியலுக்குச் சென்றது.

இதில் குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. நேர்ந்தது யாது என்பதை ஆராய்வோம். 2003இல் அவ்வாட்டத்தை ஆடிய சிறுவர்கள் பதினேழு ஆண்டுகள் அதனை நெஞ்சில் சுமந்தவர்கள். நினைவில் நின்ற இளவரசன், திரையில் கண்டவனைவிட என்றும் அழகனாகவே இருப்பான். மறுபடி ஆக்குவோர் போட்டியிடுவது பழைய ஆட்டத்தோடு மட்டுமன்று, அந்த நினைவோடும்தான். ஆர்வலர் மனத்தில் அந்த ஆட்டம் 'நம்முடையது'. நிறுவனத்தின் அறிக்கையிலோ அது 'எங்களுடையது'. புனேயில் அமர்ந்து அதனை ஆக்கியவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றனர். தம் முகத்தோடும் தம் பெயரோடும் ஆர்வலர்களிடம் பேசி, முற்றுப்பெறாத படிகளைக் காட்டி, கருத்துக் கேட்டு வளர்க்கும் வழி அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. பெரிய நிறுவனங்களில் முதலில் பேசுவது விளம்பரம். ஆக்குவோர் பேசுவது, பேசினால், அதன் பின்னர்தான். ஆகவே மக்கள் முதன்முதலாகப் பார்த்தபோதே தீர்ப்பும் வழங்கிவிட்டார்கள். கூடத்தில் உழைத்தவர்களின் ஆண்டுகள், ஒரு சிறு படத்தின் சில நிமிடங்களைக் கொண்டு அளக்கப்பட்டன.

அதே ஆண்டில் இதே புனேயில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் 'ராஜி' என்னும் ஆட்டத்தை ஆக்கிவந்தனர். அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிச் செல்லும் ஓர் இளம்பெண்ணின் கதை. தோல்பாவைக் கூத்தின் சாயலில் கதைக் காட்சிகள், இந்திய ஓவிய மரபைத் தழுவிய அரண்மனைகள். அவர்கள் 2017இல் பொதுமக்களிடம் நேரே முன்பணம் திரட்ட முயன்றார்கள். குறித்த தொகை சேரவில்லை. முயற்சி தோற்றது. ஆனாலும் தாம் ஆக்குவது யாது, ஏன் ஆக்குகிறோம் என்பதை மக்கள் முன் தம் வாயாலேயே சொன்னவர்கள் அவர்கள். வேறு வழிகளில் உதவி பெற்று 2020இல் ஆட்டத்தை வெளியிட்டார்கள். அவ்வாண்டின் உலக ஆட்ட விருதுகளில் புதியவர்களின் சிறந்த முதற்படைப்புக்கான பட்டியலில் அது இடம் பெற்றது. குறைகளும் சொல்லப்பட்டன. சண்டைப் பகுதி ஒரே வகையாக இருக்கிறது, முடிவு பாதியில் அறுந்ததுபோல் இருக்கிறது என்றார்கள். 2022இல் திருத்திய பதிப்பு வந்தது, அதில் இந்திக் குரலும் சேர்ந்திருந்தது. சிறு குழுவின் பலம் இதுவே. குறை சொன்னவரும் அதைத் திருத்தியவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருந்தனர்.

அப்படியானால் சிறியது நல்லது, பெரியது தீயது என்று முடித்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. இங்கிலாந்தின் 'ஹலோ கேம்ஸ்' என்பதும் சிறு குழுவே. 2016இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் ஆட்டத்தை வெளியிடுமுன் அதன் தலைவர் ஷான் மர்ரி ஆர்வலர்களிடம் தாராளமாகப் பேசினார். பேசியவற்றுள் பல ஆட்டத்தில் காணப்படவில்லை. ஏமாந்தவர்கள் சீறினார்கள். அதன் பின் குழுவினர் பல மாதங்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் கைகள் ஓயவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே முதற் பெரும் திருத்தம் வந்தது. 2018இல், பலர் ஒன்றுகூடி ஆடும் வசதியும் முறையாக வந்து சேர்ந்தது. இவையனைத்தையும் விலையின்றியே கொடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, வைதவர்களே வாழ்த்தத் தொடங்கினார்கள். பேச்சால் கெட்ட உறவு செயலால் சீர்பெற்றது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. ஆடுவோர்க்கு எங்கே வலிக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அதற்கு மருந்து யாது என்பது எப்போதும் தெரியும் என்று சொல்ல இயலாது. நோயாளி வயிற்றைத் தொட்டுக் காட்டுவதை மருத்துவர் நம்பியே ஆக வேண்டும். ஆனால் மருந்துச் சீட்டை நோயாளி எழுதுவதில்லை. மேலும், உரக்கப் பேசுவோர் எப்போதும் சிலரே. பேசாமல் ஆடுவோரும், பேசாமலே ஆட்டத்தை விட்டு நீங்குவோரும் மிகப் பலர். அவர்கள் மௌனத்தையும் கேட்கத் தெரிந்தவரே நல்ல ஆட்டம் ஆக்குவோர்.

கணிப்பொறித் திரையில் மட்டுமா இவ்வாறு? 2022 ஆகஸ்டில் புனேயின் பாலேவாடி விளையாட்டரங்கில் 'அல்டிமேட் கோ-கோ' என்னும் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. அதில் 'சென்னை குயிக் கன்ஸ்' என்னும் அணியும் இருந்தது. மண் தரைக்குப் பதில் விரிப்பு, துரத்தும் ஒன்பதின்மருக்குப் பதில் எழுவர், எத்திசையிலும் திரும்பி ஓடும் உரிமை பெற்ற 'வஜீர்' என்னும் ஆட்டக்காரர் என விதிகள் மாறின. தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவரை மனத்தில் கொண்டு செய்த மாற்றங்கள் இவை. 1914இல் திசைக் கட்டுப்பாடுகளை வகுத்த அதே நகரில், அவற்றுள் ஒன்று தளர்ந்தது. 2025 ஜனவரியில் புதுடில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை இந்திய ஆடவரும் மகளிரும் வென்றனர். ஆட்டம் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளித் திடலில் மண்ணில் ஆடும் சிறுமியை யார் கேட்டார்கள் என்னும் வினாவும் நிற்கிறது. நம் சடுகுடு, கபடி என்னும் பெயரில் பிற மாநில விதிகளோடு நம்மிடமே திரும்பி வந்தபோதும் இதே வினா நின்றது.

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இன்று தாயக்கட்டை உருளும் வீடுகள் குறைவு. பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுகிறார்கள். சிலர் படித்து முடித்து, இத்தகைய ஆட்டக்கூடங்களில் வேலைக்கும் செல்கிறார்கள். ஆகவே இருசாராரும் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆடும் பிள்ளைக்கு நாம் சொல்லலாம்: பிடிக்காததைச் சொல்லத் தயங்காதே, ஆனால் எது, எங்கே, ஏன் என்று தெளிவாகச் சொல். திரைக்குப் பின்னால் இருப்பவர் கோத்ருடிலோ ஹடப்சரிலோ குடியிருந்து, இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் ஒரு பெண்ணாகவோ பிள்ளையாகவோ இருக்கலாம். வசை அவரைத் திருத்தாது. ஆக்கும் பிள்ளைக்கும் சொல்லலாம்: முடியாததை வாக்களிக்காதே. முடிந்தவரை முற்றுப்பெறுமுன்னரே ஆடுவோரிடம் காட்டு. அவர் சொல் கேட்டு ஒன்றைத் திருத்தினால், அவர் சொன்னதால் திருத்தினேன் என்று வெளிப்படையாகச் சொல்.

ஜோர்டன் மெக்னர் தம் முதல் ஆட்டத்தின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார். 2012இல் அவருடைய தந்தையார் அனுப்பிய ஒரு பெட்டிக்குள் பழைய வட்டுகள் அகப்பட்டன. பழைய கருவிகளைப் போற்றி வைத்திருந்த ஆர்வலர்கள் அவற்றிலிருந்து நிரலை மீட்க உதவினர். மெக்னர் அதனை எல்லோரும் காணுமாறு இணையத்தில் வைத்துவிட்டார். ஒரு குடும்பத்தில் பிறந்து, ஒரு நிறுவனத்தின் உடைமையாகிய ஆட்டத்தின் வேர், அதனை நேசித்தவர்களின் கையாலேயே காப்பாற்றப்பட்டது. ஆட்டம் வளர வளர 'நாங்கள்' என்னும் சொல் தவிர்க்க இயலாததாக இருக்கலாம். ஆயினும் 'நாம்' என்று சொல்லத்தக்க ஓர் இடத்தை ஆக்குவோரும் ஆடுவோரும் சேர்ந்து விட்டுவைத்தால், அந்த ஆட்டம் நெடுநாள் வாழும்.